மதுவத்தின் நான்கு வித்திகள்

பாண் மாவைப் பொங்கச் செய்வதும், பனஞ்சாற்றைக் கள்ளாக மாற்றுவதும் மதுவம் என்னும் நுண்ணுயிரின் தொழில்களாகும். கடைகளில் ஈஸ்ட் என்ற பெயரில் நாம் வாங்குவதும் இதுவே. அப்பமாவைப் புளிக்க வைப்பதற்குச் சிறிது கள் சேர்க்கும் வழக்கத்தை நேயர்கள் நன்கு அறிவர். ஒரு மில்லிமீற்றரை இருநூறு கூறுகளாக வகுத்தால் வரும் ஒரு கூறளவே ஒரு மதுவக் கலத்தின் குறுக்களவு. இத்துணைச் சிறிய உயிர், உணவு குன்றிய காலத்தில் தனக்குள்ளே நான்கு வித்திகளைத் தோற்றுவிக்கின்றது. அந்த நான்கினையும் தனித்தனியே பிரித்து எண்ணிப் பார்த்ததனால், உயிர்களின் மரபுச் செல்வம் கலத்தின் கருவில் மட்டுமன்றி வேறோர் இடத்திலும் வைக்கப்பட்டிருக்கின்றது என்னும் உண்மை வெளிப்பட்டது. அவ்வரலாற்றையே இன்று எடுத்துரைக்க எண்ணுகின்றேன்.

மதுவத்தை முதன்முதலில் நுணுக்குக்காட்டி மூலம் கண்டவர் ஒல்லாந்து நாட்டைச் சேர்ந்த லீவன்ஹூக் என்பவர். 1680 ஆம் ஆண்டில் பியரின் துளியொன்றைச் சோதித்த அவர், அதில் மிதந்த சிறு உருண்டைகளைப் பற்றி எழுதிவைத்தார். ஆயினும் அவை உயிருள்ளவை என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 1837 ஆம் ஆண்டளவில், ஜேர்மனியரான சுவான் முதலியோர் அவை அரும்பிப் பெருகும் உயிர்கள் என நிறுவினர். பின்னர் பிரான்சிய அறிஞர் பாஸ்டர், மதுவம் இருவகையாக வாழவல்லது என்று காட்டினார். ஒட்சிசன் இல்லாதபோது அது சருக்கரையை நொதிக்கச் செய்து மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளியிடுகின்றது. ஒட்சிசன் கிடைக்கும்போதோ நம்மைப் போலச் சுவாசித்து, அதே சருக்கரையிலிருந்து மிகுதியான சக்தியைப் பெறுகின்றது. மூச்சின்றியும் வாழலாம், மூச்சுடனும் வாழலாம் என்னும் இந்த இரட்டைத் தன்மையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். மேலே வரும் செய்திகள் அனைத்தும் இதனை அடிப்படையாகக் கொண்டவை.

இனி வித்திகளைப் பற்றிப் பார்ப்போம். நல்ல உணவு உள்ளவரை மதுவக் கலம் அரும்புவிட்டுப் பெருகிக்கொண்டே செல்லும். நைதரசன் உணவு தீர்ந்து, நொதிக்கத்தக்க சருக்கரையும் இல்லாமற் போகும்போது அது பெருகுவதை நிறுத்திவிடுகின்றது. பின்னர் அதன் கரு இருமுறை பிரிந்து நான்காகின்றது. ஒவ்வொன்றையும் சுற்றித் தடித்த சுவர் எழுகின்றது. பழைய கலம் ஒரு பையாக மாற, அதனுள் நான்கு வித்திகள் அடைபட்டுக் கிடக்கின்றன. வறட்சியையும் வெப்பத்தையும் ஓரளவு தாங்கிக் காத்திருந்து, நற்காலம் வரும்போது அவை முளைக்கின்றன. 1870 ஆம் ஆண்டில் ஜேர்மன் அறிஞர் றீஸ் இவ்வித்திகளை விரிவாக விளக்கினார். டென்மார்க்கில் கொப்பன்கேகன் நகரத்துக் கார்ள்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஹான்சன், 1883 ஆம் ஆண்டில் ஒரேயொரு கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்க்கும் முறையைக் கைக்கொண்டவர். அவர் மதுவ இனங்களை வேறுபடுத்தி அறிவதற்கு இவ்வித்திகளையே துணையாகக் கொண்டார்.

ஆயினும் அவ்வித்திகளின் உட்பொருளை விளங்கிக்கொண்டவர், அதே ஆய்வுகூடத்தில் பின்னாளிற் பணியாற்றிய விங்கே ஆவார். சாதாரண மதுவக் கலத்தில் நிறமூர்த்தங்கள் இரு தொகுதிகளாக உள்ளன என்பதையும், வித்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகுதியே கிடைக்கின்றது என்பதையும் அவர் 1935 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். நுண்ணிய கண்ணாடி ஊசியினாற் பையைத் திறந்து, நான்கு வித்திகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து வளர்க்கும் கலை அவருடைய ஆய்வுகூடத்திற் சிறந்து விளங்கியது.

இக்கலையின் பெறுமதி எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் கூறலாம். தந்தையிடம் ஒரு பண்பும் தாயிடம் அதற்கு மாறான பண்பும் இருப்பதாகக் கொள்வோம். பண்பைத் தரும் அலகு கருவில் இருக்குமாயின், நான்கு வித்திகளுள் இரண்டு தந்தையைப் போலவும் இரண்டு தாயைப் போலவும் இருத்தல் வேண்டும். இரண்டுக்கு இரண்டு என்பது கருவின் கணக்கு. பட்டாணிச் செடியில் மெண்டல் நூற்றுக்கணக்கான விதைகளை எண்ணி ஊகித்த விதியை, மதுவத்தில் ஒரே பையைத் திறந்து கண்ணெதிரே காணலாம். கணக்கு இரண்டுக்கு இரண்டாக அமையவில்லையெனின், வேறேதோ ஒன்று இடையில் இருக்கின்றது என்பது பொருள்.

அந்த வேறேதோ ஒன்று இருக்கும் இடத்தை அறிவதற்கு முன், இழைமணியைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். கலத்தின் குழியவுருவில் இழைகளாகவும் மணிகளாகவும் தோன்றும் சிறு உறுப்புகளுக்கு, 1898 ஆம் ஆண்டில் பென்டா என்னும் ஜேர்மனியர், இழை, மணி எனும் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்துப் பெயரிட்டார். இழைமணி என்னும் நமது சொல் அதற்கு நேரான பெயராகும். சுவாசத்தின் மூலம் சக்தி பிறக்கும் இடம் இவ்வுறுப்பே என்பது 1948, 1949 ஆம் ஆண்டுகளில் கென்னடி, லெனிஞ்சர் ஆகிய அமெரிக்க அறிஞரால் நிறுவப்பட்டது. இதற்கு முன்பே, 1925 ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ் நகரில் கெய்லின் என்பவர் உயிருள்ள மதுவத்தினூடாக ஒளியைச் செலுத்தி, சுவாசத்துக்குரிய நிறப்பொருள்களின் கறுத்த பட்டைகளைக் கண்டிருந்தார். அப்பொருள்களுக்கு சைற்றோகுரோம்கள் என்று பெயர்.

இப்பொழுது பாரிசு நகருக்குச் செல்வோம். மொஸ்கோவிற் பிறந்து பிரான்சிற் குடியேறியவர் போரிஸ் எப்ருசி. உலகப் போரின் போது அமெரிக்காவுக்குச் சென்று தங்கி, போர் முடிந்தபின் பாரிசு திரும்பிய அவர், மதுவத்தைத் தமது ஆய்வுக்குத் தேர்ந்துகொண்டார். வளர்ப்பூடகத்தில் மதுவத்தைத் தூவினால் ஒவ்வொரு கலமும் பெருகி ஒரு வட்டக் குடியிருப்பாக வளரும். அவற்றுள் நூற்றுக்கு ஒன்றிரண்டு ஏனையவற்றிலும் மிகச் சிறியனவாய் இருப்பதை எப்ருசியும் அவருடன் உழைத்தோரும் கண்டனர். சிறியது எனப் பொருள்படும் பிரான்சியச் சொல்லாகிய பெற்றீ என்பதே அவற்றுக்குப் பெயராயிற்று. சிறுத்தவற்றிலிருந்து எடுத்த கலங்கள் எத்தனை தலைமுறை சென்றாலும் சிறுத்தே வளர்ந்தன. பழைய நிலைக்கு ஒருபொழுதும் மீளவில்லை. அக்கிரிபிளேவின் என்னும் சாயத்தைச் சிறிதளவு சேர்த்தபோது ஏறத்தாழ எல்லாக் கலங்களும் அவ்வாறே சிறுத்தன. ஒரு சாதாரண பரம்பரை அலகு இத்தனை எளிதாக, இத்தனை கலங்களில் ஒரே வேளையில் கெடுவதில்லை.

இக்குறைபாட்டின் தன்மையைக் கண்டவர் பியோத்தர் சுலோனிம்ஸ்கி என்னும் இளைஞர். 1944 ஆம் ஆண்டின் வார்சோ எழுச்சியிற் பங்குகொண்டு உயிர்தப்பிய போலந்து நாட்டவர் அவர். சிறுத்த மதுவத்தினூடாக ஒளியைச் செலுத்தியபோது, கெய்லின் கண்ட பட்டைகளுள் சில அங்கே இல்லை. சைற்றோகுரோம் ஏ, பி ஆகியவை மறைந்திருந்தன. சி மட்டும் எஞ்சியிருந்தது. சிறுத்த மதுவத்தால் நொதிக்க இயலும், சுவாசிக்க இயலாது என்பது இதனாற் புலனாயிற்று.

அடுத்துச் செய்யவேண்டியது வித்திகளின் கணக்கு. சிறுத்த கலத்தை நல்ல கலத்துடன் சேர்த்து, பிறந்த கலத்தை வித்தியாக்கிப் பையைத் திறந்தனர். இரண்டு நல்லவை, இரண்டு சிறுத்தவை என்று வருதல் வேண்டும் அன்றோ? வந்தவையோ நான்கும் நல்லவை. மீண்டும் மீண்டும் செய்தும் நான்குக்குப் பூச்சியம் என்னும் கணக்கே கிடைத்தது. மூச்சுவிடும் ஆற்றலைத் தரும் ஏதோவொன்று கருவுக்கு வெளியே, குழியவுருவில் இருந்துகொண்டு, பிறக்கும் எல்லா வித்திகளுக்கும் பங்கிடப்படுகின்றது என்பதே இதற்கு ஏற்ற விளக்கமாயிற்று. 1949 ஆம் ஆண்டில் எப்ருசி குழுவினர் இதனை வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலேயே வேறொரு வகைச் சிறுத்த மதுவத்தையும் அவர்கள் கண்டுபிடித்தனர். அதிற் கணக்கு இரண்டுக்கு இரண்டு என்று ஒழுங்காக வந்தது. ஆகவே சுவாசத்துக்குக் கருவின் செல்வமும் வேண்டும், கருவுக்கு வெளியேயுள்ள செல்வமும் வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் கலம் சிறுக்கும்.

இம்முடிவை வெளியிடுவதற்கு அக்காலம் உகந்த காலமாக இருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டில் மொஸ்கோவில் லைசெங்கோ என்பவர் அரசின் ஆதரவுடன் மெண்டலின் மரபியலையே பொய்யென்று ஒதுக்கிவிட்டார். அதனை மறுத்துநின்ற சோவியத்து அறிஞர் பலர் பதவியிழந்தனர். இதன் விளைவாக, கருவுக்கு வெளியேயும் மரபு உண்டு என்று எவரேனும் சொன்னால், அவர் லைசெங்கோவுக்குத் துணைபோகின்றாரோ என்று மேல்நாட்டு அறிஞர் சிலர் ஐயுற்றனர். எப்ருசியோ கருவின் விதிகளை மறுக்கவில்லை. அவ்விதிகளைக் கொண்டே அவற்றின் எல்லையை அவர் அளந்தார். நான்குக்குப் பூச்சியம் என்னும் கணக்கு எவருடைய கொள்கைக்கும் கட்டுப்பட்டதன்று.

அந்தப் பொருள் யாது என்பதை அறிய மேலும் பதினைந்து ஆண்டுகள் சென்றன. 1963 ஆம் ஆண்டில் ஸ்ரொக்கோம் நகரில் நாஸ் தம்பதியர் கோழிக்கருவின் இழைமணிகளுக்குள் டி. என். ஏ. இழைகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டனர். மறு ஆண்டில் வியன்னாவில் சாற்ஸ் முதலியோர் மதுவத்தின் இழைமணியிலும் டி. என். ஏ. உண்டென்று இரசாயன முறையால் நிறுவினர். 1966 ஆம் ஆண்டில் சுலோனிம்ஸ்கியின் குழு, சிறுத்த மதுவத்தில் இந்த டி. என். ஏ. உருமாறியிருப்பதைக் காட்டியது. கருவுக்கு வெளியேயுள்ள செல்வம் இழைமணியில் இருந்தது என்பது இதனால் உறுதியாயிற்று. 1998 ஆம் ஆண்டில் அதன் முழு எழுத்துவரிசையும் வெளியிடப்பட்டபோது, அது 85,779 இணைகளைக் கொண்டது எனத் தெரிந்தது.

ஒரு நூல் பெட்டியிற் கிடந்தாற் பயனில்லை. படித்துச் சொல்வாரும் வேண்டும். டி. என். ஏ. யில் உள்ளதைப் படியெடுத்துச் செல்வது ஆர். என். ஏ. என்னும் பொருள். மதுவத்தின் இழைமணி தனக்கென ஆர். என். ஏ. களை ஆக்கிக்கொள்கின்றது. புரதம் சமைக்கும் றைபோசோம்களுக்குரிய இரு பெரிய ஆர். என். ஏ. கள், அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் இருபதுக்கு மேற்பட்ட சிறிய ஆர். என். ஏ. கள், எட்டுப் புரதங்களுக்குரிய செய்தி ஆர். என். ஏ. கள் என்பன அவற்றுள் முக்கியமானவை. அந்த எட்டில் ஏழு, சுவாசத்துக்கும் சக்தி ஆக்கத்துக்கும் நேரே வேண்டியவை. சைற்றோகுரோம் சி க்குரிய அலகு மட்டும் கருவில் இருக்கின்றது. சிறுத்த மதுவத்தில் அந்த ஒன்று எஞ்சியதன் காரணம் இதுவே.

இந்த ஆர். என். ஏ. களிற் பல விந்தைகள் உள்ளன. கருவிற் படியெடுக்கும் நொதியம் வேறு, இழைமணியிற் படியெடுப்பது வேறு. இழைமணி நொதியம் பற்றீரியாவைத் தாக்கும் ஒரு வைரசின் நொதியத்தை ஒத்திருப்பது 1987 ஆம் ஆண்டில் தெரியவந்தது. செய்தியைப் படிக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. ஏனைய இடங்களில் லூசின் என்னும் அமினோ அமிலத்தைக் குறிக்கும் சில சொற்கள் மதுவத்தின் இழைமணியில் திரெயோனினைக் குறிக்கின்றன. ஒரே வீட்டில் இருவேறு பேச்சுவழக்குகள் நிலவுவதைப் போன்றது இது. சைற்றோகுரோம் பி யின் செய்தியிலோ வேண்டாத இடைத்துண்டுகள் புகுந்துள்ளன. அவை வெட்டி நீக்கப்பட்ட பின்னரே செய்தி பொருள்தரும். அவ்வாறு வெட்டுவதற்கு உதவும் புரதங்களுள் ஒன்று, வெட்டப்படவேண்டிய துண்டினுள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றது என்று 1980 ஆம் ஆண்டில் சுலோனிம்ஸ்கியும் அவருடைய துணைவரும் காட்டினர்.

இனி வித்திக்கு மீள்வோம். வித்தியாக்குவதற்கு ஆய்வாளர் மதுவத்தை அசற்றேற்று என்னும் உப்புக் கரைசலில் இடுவர். அதனை நொதிக்க முடியாது; சுவாசித்தே அதிலிருந்து சக்தி பெறல் வேண்டும். ஆதலால், சுவாச ஆற்றல் அற்ற சிறுத்த கலங்கள் வித்தியாவதில்லை. சருக்கரை நிறைந்திருக்கும்போது அடங்கியிருந்த இழைமணி ஆர். என். ஏ. கள், சருக்கரை தீர்ந்தபின் பெருகுகின்றன. இந்தப் பெருக்கத்தை நடத்துவது யாது? 2006 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேனிங்கின் ஆய்வுகூடம் இதற்கு ஒரு விடை தந்தது. ஏ. ரி. பி. என்னும் சக்திப் பொருள் இழைமணியில் எவ்வளவு இருக்கின்றது என்பதைப் படியெடுக்கும் நொதியமே உணர்ந்து, அதற்கேற்பச் சில ஆர். என். ஏ. களைக் கூட்டியும் குறைத்தும் ஆக்குகின்றது என்பதே அவ்விடை.

வித்தி உண்டாகும் வேளையிற் பழைய ஆர். என். ஏ. யின் பெரும்பகுதி சிதைந்து புதியது ஆக்கப்படுகின்றது. வீடு மாறுவோர் பழைய தட்டுமுட்டுப் பொருள்களைப் பிரித்து வேண்டியதைப் புதுக்குவது போல இது நடைபெறுகின்றது. இழைமணி டி. என். ஏ. யைக் குலைக்கும் எதிடியம் புரோமைட்டு, இழைமணிப் புரத ஆக்கத்தைத் தடுக்கும் எரித்திரோமைசின் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் வித்தி உண்டாவது தடைப்படும். எனினும் இதிலிருந்து அவசரமான முடிவுக்கு வருதல் தகாது. தடைப்படுவது ஒரு குறிப்பிட்ட செய்தி இல்லாமையினாலா, அன்றிச் சக்தி இல்லாமையினாலா என்று இருவகையாகவும் வினவலாம். மூச்சு நின்றால் எத்தொழிலும் நிற்கும். ஆதலால் அத்தொழிலுக்கென்றே தனிச் செய்தி இருந்தது என்று அதனால் மட்டும் கூறிவிட முடியாது.

இழைமணிகளும் அவ்வேளையில் வடிவம் மாறுகின்றன. தனித்தனியே இருந்தவை ஒன்றோடொன்று இணைந்து கிளைத்த வலைபோலாகின்றன. பின்னர் அவ்வலை நான்கு கருக்களையும் சூழ்ந்து நிற்க, அதில் ஒரு பகுதி வித்திகளுக்குள் அடைபடுகின்றது. வெளியே எஞ்சியது அழிந்துபோகின்றது. எப்ருசி கண்ட நான்குக்குப் பூச்சியம் என்னும் கணக்கின் பின்னால் நிகழும் பங்கீடு இதுவே.

இந்த ஆய்வுகளின் நடுவே ஒரு புதிர் எழுந்தது. ஆர். என். ஏ. களை வேகமாகச் சுழற்றிப் படியவைத்து அவற்றின் பருமனை அளப்பர். அந்த அளவுக்கு சுவீடன் அறிஞர் சுவெட்பெர்க்கின் பெயர் இடப்பட்டுள்ளது. எஸ் என்னும் எழுத்தாற் குறிப்பர். மதுவத்தின் குழியவுரு றைபோசோமுக்குரிய பெரிய ஆர். என். ஏ. கள் 26 எஸ், 18 எஸ். இழைமணிக்குரியவை 21 எஸ், 15 எஸ். 1971 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கடோவாக்கி, ஹல்வொர்சன் ஆகியோர், வித்தியாகும் மதுவத்தில் 20 எஸ் அளவில் ஒரு புதிய ஆர். என். ஏ. தோன்றுவதைக் கண்டனர். வித்தியாக்கும் கட்டளையே இதுதானோ என்று எண்ணத்தக்க வேளையில் அது தோன்றியது.

1978 ஆம் ஆண்டில் கார்விக், ஹேபர் ஆகியோர் பழைய வழியையே நாடினர். 20 எஸ் தோன்றும் மதுவத்தைத் தோன்றாத மதுவத்துடன் சேர்த்து நான்கு வித்திகளையும் சோதித்தனர். நான்கிலும் அப்பண்பு இருந்தது. ஆகவே அதுவும் கருவுக்கு வெளியேயுள்ள மரபு. ஆயினும் அது இழைமணியின் மரபன்று. மேலும், 20 எஸ் அற்ற மதுவமும் குறைவின்றி வித்திகளை ஆக்கியது. வித்தி உண்டாதலுக்கு அது காரணமன்று. பசி வந்த வேளையில் உடன் பெருகியதே ஆகும். 1990, 1991 ஆம் ஆண்டுகளில் விக்னரின் ஆய்வுகூடத்தார் இதன் உண்மையை வெளிப்படுத்தினர். 2,514 எழுத்துகள் கொண்ட இந்த ஆர். என். ஏ., தன்னைத் தானே படியெடுப்பதற்குரிய நொதியத்தின் செய்தியைத் தன்னிடமே கொண்டிருந்தது. உறையும் இல்லாமல், கலத்தை விட்டு வெளியேறவும் முடியாமல், தாயிடமிருந்து சேய்க்குச் செல்லும் ஒரு வைரசு அது. பசித்த கலத்தில் அது ஒரு இலட்சம் பிரதிகள் வரை பெருகவல்லது. அதன் உறவினராகிய வேறு சில வைரசுகள் பூஞ்சணங்களின் இழைமணிகளுக்குள்ளேயே வாழ்கின்றன என்பது 1994 ஆம் ஆண்டில், கஸ்ரானியா மரத்தைக் கொல்லும் பூஞ்சணத்திற் கண்டறியப்பட்டது.

நேயர்களே, இவ்வரலாற்றில் ஒரே கணக்கு இருமுறை நீதி கூறியிருப்பதைக் காணலாம். 1949 ஆம் ஆண்டில் அது கருவுக்கு வெளியே மரபு உண்டு என்றது. நம்பத் தயங்கியோர் பின்னர் நம்ப நேர்ந்தது. 1978 ஆம் ஆண்டில், கட்டளைபோலத் தோன்றிய ஒன்று கட்டளையன்று என்றது. அது பின்னர் வைரசாகவே வெளிப்பட்டது. உடன்நிகழ்வது எல்லாம் காரணமாகிவிடாது. பொருந்தாதது எல்லாம் பிழையாகிவிடாது. இவ்விரண்டையும் பகுத்தறிவதே ஆய்வின் கடமை.

இது மதுவத்தோடு முடியும் செய்தியன்று. நம் ஒவ்வொருவரின் கலங்களிலும் இழைமணிகள் உள்ளன. அவற்றின் டி. என். ஏ. 16,569 இணைகளைக் கொண்டது. அதனை நாம் தாயிடமிருந்தே பெறுகின்றோம். அதிலுள்ள குறைகள் பார்வையிழப்பையும் தசை நலிவையும் உண்டாக்கக்கூடும் என்பது 1988 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அத்தகைய நோய் தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்லாதபடி தடுக்கும் சிகிச்சை முறைக்குப் பிரித்தானியப் பாராளுமன்றம் 2015 ஆம் ஆண்டில் அனுமதி அளித்தது. ஒரு குடும்பத்தின் துயரைத் தாய்வழியே தொடர்ந்து நோக்கும் மருத்துவர், எப்ருசி மதுவத்திற் கேட்ட கேள்வியையே கேட்கின்றார்: இக்குறை கருவின் கணக்கிற்கு உட்பட்டதா, அன்றி வெளியேயுள்ளதா? அக்கேள்வியைத் தெளிவாகக் கேட்பதற்கு நமக்குக் கற்பித்தவை, பசித்த மதுவத்தின் பையிற் கிடந்த அந்த நான்கு வித்திகளே.